வழக்கேட்டில் ஏறாத கேள்வி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

'அவர் பழைய ஆள், அவரிட்டைப் பொம்பிளையளின்ரை வழக்கு நிக்காது.' யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற வாசலில் இப்படிக் கதைப்பது வழமை. ஆனால் நீதிபதியின் மனதில் என்ன நம்பிக்கை இருக்கிறது என்று எந்த மேன்முறையீட்டு மன்றமும் தேடாது. தீர்ப்புக்குள் அது நுழைந்ததா என்றுதான் பார்க்கும், அதுவும் வழக்கேட்டை, அதாவது மன்றில் எழுதிவைத்த வழக்குப் பதிவை, வைத்து.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் இந்தச் சொந்த நம்பிக்கை இலகுவாக நுழையும் இடம் ஒன்று உண்டு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். (அதே காணியை மரணசாசனத்தில் யாருக்கும் எழுதிவைக்கலாம், அதற்குச் சம்மதம் தேவையில்லை!) கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றி மறுத்தாலோ அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மன்றின் அனுமதி கேட்டு 8ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். முதல் இரண்டும் சாட்சியத்தோடு முடிந்துவிடும். 'நியாயமின்றி' என்பதில்தான் நல்ல மனைவி யார் என்ற சொந்த எண்ணத்துக்கு இடம் கிடைக்கிறது.

'கணவர் மறுக்கிறார்' என்ற ஒற்றை வரியோடு மனுப் போட்டால் அந்த இடத்தை நாமே திறந்துவிடுகிறோம். சம்மதம் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் பிரதி, தபால் பற்றுச்சீட்டு, காணியின் விலை மதிப்பீடு, பணம் எதற்கு என்பதற்கான ஆவணம் எல்லாம் சத்தியக் கடதாசியோடு இணைந்திருக்க வேண்டும். விசாரணையில் 'ஏனம்மா, சேர்ந்து வாழக் கூடாதா?' என்று நீதிபதி கேட்டால், அந்தக் கேள்வியையும் பதியும்படி சட்டத்தரணி அப்போதே எழுந்து கேட்க வேண்டும். பலர் கேட்பதில்லை, நாளைக்கும் அதே மன்றில்தானே நிற்க வேண்டும். பதியப்படாத கேள்வி மேல்மன்றத்தைப் பொறுத்தவரை கேட்கப்படாத கேள்வி.

பொதுவாகக் குடியியல் தீர்ப்பு ஒன்றில் தீர்மானிக்க வேண்டிய விடயங்கள், ஒவ்வொன்றுக்குமான முடிவு, அதற்கான காரணம் ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 187ஆம் பிரிவு. காரணம் இல்லாத இடத்தில் விருப்பு வெறுப்பு ஒளிந்திருக்கக்கூடும். ஆகவே தீர்ப்பின் அத்தாட்சிப் பிரதியை அன்றே கோருங்கள். தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள். ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் வராது. மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாள்; இங்கே அந்த விடுமுறைகளும் சேரும். இந்த இரண்டாவது கணக்கில் தவறித்தான் நல்ல வழக்குகள் விழுகின்றன.

வழக்கை வேறு மன்றுக்கு மாற்ற 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் 46ஆம் பிரிவில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடலாம். நீதிபதி எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று அங்கே போய்ச் சொல்லிப் பயனில்லை. எந்தத் தவணையில், என்ன சொல்லப்பட்டது என்று திகதியோடு காட்ட வேண்டும்.

வாசகர்,
கொக்குவில்