பூட்டிய வீடுகளில் நடக்கும் திருட்டுகளைப் பதிவு செய்யவும், பின்தெருக்களுக்கு இரவு ரோந்து விடவும் கோரும் மனு

அனுப்புநர்:
பழைய வளவு வீடுகள் உள்ள தெருக்களின் குடியிருப்போர்,
காரைக்குடி மாநகராட்சி.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
சிவகங்கை மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதியில் குற்றம் குறைவு, அதனால் கூடுதல் ரோந்து தேவைப்படவில்லை என்று எங்களுக்குச் சொல்லப்படுகிறது. இங்கு வீட்டை உடைத்து நடக்கும் திருட்டுகளில் பல, வழக்காகப் பதிவாவதே இல்லை. பதிவாகாததால் ரோந்து வருவதில்லை, ரோந்து வராததால் திருட்டும் நிற்பதில்லை. இதைத் தாங்கள் தலையிட்டு மாற்ற வேண்டும் என்று கேட்டே இம்மனுவைக் கொடுக்கிறோம்.

எங்கள் வீடுகளின் அமைப்பு தாங்கள் அறிந்ததுதான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவே முற்றத்தைச் சுற்றிய வளவு, அதற்கு அடுத்த பகுதியான இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு கிடக்கும். பின்கதவை உடைத்தால் முன்திண்ணையில் படுத்திருப்பவருக்குக் கூடச் சத்தம் கேட்காது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். அவர்கள் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு), பொங்கல் என்று வரும்போதுதான் வீடு திறக்கிறது. வாரம் ஒருமுறை கூட்டிப் பெருக்க வரும் பெண்ணோ, பக்கத்தில் குடியிருக்கும் காவலாளியோதான் மற்ற நாட்களில் அந்த வீட்டுக்குத் துணை.

போகிற பொருட்கள் பலவகை. பித்தளை அண்டா, வெண்கலப் பானை, மங்குச் சாமான், தஞ்சாவூர்ப் படங்கள், பெல்ஜியம் கண்ணாடி. இப்போது கதவையே கழற்றிக்கொண்டு போகிறார்கள். பர்மா தேக்கில் செதுக்கிய நிலை, அதன் மேலுள்ள கஜலட்சுமி, தூணின் போதிகை என்று பிரித்தெடுத்து வண்டியில் ஏற்றினால், பழைய வீட்டை விற்று இடிப்பவர்கள் ஏற்றிச்செல்லும் மரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இங்கே வீடு இடிப்பது அன்றாடம் நடப்பது என்பதால் யாரும் நிறுத்திக் கேட்பதும் இல்லை.

வீட்டைத் திறந்து பார்த்தவர் பதறிக்கொண்டு புகார் கொடுக்கப் போனால், என்றைக்குத் திருடு போனது என்ற முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது. பிறகு உரிமையாளர் வரட்டும், பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும், பொருளுக்கு ரசீது கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். பாட்டிக்குச் சீராக வந்த பாத்திரத்துக்கு யாரிடம் ரசீது இருக்கும்? ஆனால் அதில் குடும்பத்தின் விலாசம் (பெயரின் முதலெழுத்துகள்) வெட்டியிருக்கும். எந்த ரசீதையும் விட அது உறுதியான அடையாளம். அதைக் குறித்துக்கொண்டு தேடினாலே பல பொருட்கள் அகப்படும் என்று நாங்கள் நம்புகிறோம்.

01.07.2024 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில், பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை உரிமையாளர்தான் தர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. குற்றம் நடந்தது தெரிந்த யாரும் சொல்லலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம், அனுப்பியவர் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவருக்கு அந்த 3 நாள் முடியாத காரியம். ஆகவே வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ, அண்டை வீட்டாரோ கொடுக்கும் புகாரைப் பெற்றுக்கொண்டு முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று எல்லாக் காவல் நிலையங்களுக்கும் தாங்கள் எழுத்துமூலம் அறிவுறுத்த வேண்டும். அதே சட்டத்தின் 193-ஆம் பிரிவின்படி விசாரணையின் நிலையை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

குற்ற விகிதம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவான வழக்குகளை லட்சம் மக்கள்தொகைக்கு இத்தனை என்று கணக்கிடுகிறது. ஆளில்லாத வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவின் ஆபத்து, தலைக்கணக்கில் எப்படித் தெரியும்? ரோந்து ஒதுக்கும்போது பூட்டிய வீடுகளின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரோந்து இருசக்கர வாகனம் முகப்புத் தெருவோடு போய்விடுகிறது. ரோந்து வரும் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகமும் கோயிலை ஒட்டி, வெளிச்சம் உள்ள இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பின்வாசல் தெருவில் வைத்து, நள்ளிரவுக்குப் பின் ஒருமுறையும் விடியலுக்கு முன் ஒருமுறையும் கையெழுத்திடச் செய்தால் எங்களுக்குப் பாதி பயம் போய்விடும். இரவில் பழைய மரம் ஏற்றிவரும் வண்டிகளை நிறுத்தி, இடித்த வீட்டின் உரிமையாளர் தந்த கடிதத்தைக் கேட்க வேண்டும். பழம்பொருள் வியாபாரிகள் விற்பவரின் அடையாள அட்டை நகலை வாங்கிவைக்கச் சொல்ல வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்பவர்களே அங்கு அதிகம், இந்த ஏற்பாடு அவர்களுக்கும் பாதுகாப்பு. நூறாண்டு கடந்த செதுக்கு வேலைகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடியவை என்பதையும் நினைவுபடுத்துகிறோம்.

வீடுகளில் தனியாக இருக்கும் ஆச்சிமார்களைப் பற்றித்தான் எங்களுக்கு மிகுந்த கவலை. சங்கிலி பறிப்புக்குப் பயந்து அந்தியில் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், கட்டுகள் எல்லாம் இருட்டு, ஓர் அறையில் மட்டும் விளக்கு. மூத்த குடிமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் திட்டம் வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 22-ஆம் பிரிவே சொல்கிறது. தனியாக வசிப்போர் பட்டியலைத் தயாரித்து, மாதம் ஒருமுறையாவது ஒரு பெண் காவலர் வந்து நலம் விசாரித்துப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

ஒவ்வொரு திருட்டுக்குப் பிறகும், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களை மொத்தமாக அழைத்து நிறுத்தி விசாரிப்பதை நாங்கள் கேட்கவில்லை. அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். எந்த வீட்டில் எந்தக் கதவு என்று தெரிந்தவர்கள் செய்யும் காரியம் இது, விசாரணை அந்தத் திசையில் போக வேண்டும்.

எங்கள் பங்குக்கு, பூட்டிய வீடுகளின் பட்டியலையும், பார்த்துக்கொள்பவரின் தொலைபேசி எண்ணையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோம். பங்காளிகளிடம் பேசிப் பின்தெருக்களில் கேமரா பொருத்தவும் தயாராக இருக்கிறோம். எங்கெங்கே வைக்க வேண்டும் என்று ஓர் அலுவலரை அனுப்பிக் காட்டச் சொன்னால் போதும். எரியாத பின்தெரு விளக்குகளுக்காக மாநகராட்சிக்குத் தனியே மனு கொடுத்திருக்கிறோம், தங்கள் பரிந்துரையும் சேர்ந்தால் வேலை விரைவாக நடக்கும்.

தாங்கள் ஒருநாள் இரவு எங்கள் பின்தெருவில் நடந்து பார்த்து, உரிய உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெருவாசிகள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: ஆணையர், காரைக்குடி மாநகராட்சி.