அள்ளிப் பார்க்க ஒரு பிடி மரத்தூள்

அன்பு மகளுக்கு,

விழுந்த மரத்தை விறகுக்குத் தள்ளாமல் நீயே செயின்சாவில் பலகையாக அறுக்கப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமும்தான். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் செயினைப் பார். குறுக்கே துண்டு போடுகிற செயினில் பல் 25, 30 டிகிரி சாய்வில் இருக்கும். நீளவாக்கில் அறுக்க 10 டிகிரி போதும். பலகையின் முகம் வழவழப்பாக வரும்.

உருண்டைக் கட்டைக்குத் தட்டையான முகம் கிடையாது. அதை உண்டாக்குவதுதான் முதல் அறுப்பு. கட்டையின் மேல் நேரான ஏணி ஒன்றைத் திருகாணியால் இறுக்கி, மில் சட்டத்தை, அதாவது செயின்சாவை ஒரே உயரத்தில் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டத்தை, அதன்மேல் ஓட்டு. ஏணி முறுக்காமல் இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள். இங்கே விழுந்த கோணல் கடைசிப் பலகைவரை வரும். அரை நாள் ஆனாலும் ஆகட்டும், அம்மா.

ஒருமுறை அவசரப்பட்டு நான் ஒரு தேக்கைப் பாழாக்கினேன். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, பல் சீக்கிரம் மழுங்கும். ஒரு பக்கப் பல் அதிகமாக மழுங்கியிருந்ததைக் கவனிக்காமல் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு ஒரு பக்கமாகவே இழுத்தது. பலகை ஒரு முனையில் இரண்டு விரல் கனம், மறுமுனையில் ஒரு விரல். வைரம் பாய்ந்த மரம். இன்றும் மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அரம் பிடிக்காமல் நான் இயந்திரத்தை எடுத்ததில்லை.

பட்டையில் மண் இருந்தால் சீவிவிடு. அறுத்த வாய் மூடிக்கொள்ளாமல் பின்னாலேயே ஆப்பு செருகிக்கொண்டு போ. காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல், பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல், தொடவே தொடாதே. இதில் மட்டும் அப்பா சொல்லைத் தட்டாதே.

அறுத்த அன்றே பலகைகளின் இரண்டு முனைக்கும் மெழுகோ பெயிண்டோ பூசு, இல்லையென்றால் வெடிக்கும். இடையிடையே ஒரே கனமுள்ள குச்சிகள் வைத்து, நிழலில், காற்றோட்டமாக அடுக்கு. ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் காய வேண்டும்.

தூளை அடிக்கடி கையில் அள்ளிப் பார். பல் கூராக இருந்தால் குறுமணல் போல விரலில் நெருடும். மழுங்கிவிட்டால் பவுடர் மாதிரி ஒட்டும். முதல் அறுப்பு முடிந்ததும் பலகையை அல்ல, அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு அடுத்த அறுப்புக்குப் போ.

அன்புடன்,
அப்பா