ஐம்பது டொலர் வாளும் இல்லாத செயின் பிரேக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறைமழையில் முறிந்து விழுந்த மரங்களை வீட்டு வளவிலிருந்து அகற்றுவது பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஏணியில் ஏறி நின்று வாள் பிடிக்கக் கூடாது, மின்கம்பியில் சாய்ந்து கிடக்கும் கிளைக்குக் கிட்டவும் போகக் கூடாது என்பதெல்லாம் நன்றாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் நடுவில் ஓர் ஆலோசனை இருந்தது. புதுச் சங்கிலி வாளுக்கு எதற்கு நூற்றுக்கணக்கில் காசு, கராஜ் சேலில் ஐம்பது டொலருக்குப் பழையது கிடைக்கும், அந்தக் காலத்து உலோகம் இன்றைய பிளாஸ்ரிக்கை விட உறுதி என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார்.

பழைய சங்கிலி வாள்களைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, ஓட்டிப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. எங்கள் கராஜுக்குள் கார் விட இடமில்லை. குளிர் காலம் முழுக்க மனைவி தன் காரின் பனியைச் சுரண்டும்போது என்னைப் பார்க்கும் பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்: வாள் பிடித்துப் பழக்கமில்லாத ஒருவர், புயலில் விழுந்த மரத்தை வெட்டுவதற்கு, செயின் பிரேக், அதாவது ஓடும் சங்கிலியைச் சட்டென்று நிறுத்தும் அமைப்பு, இல்லாத பழைய வாளைக் கையில் எடுக்கக் கூடாது. ஐம்பது டொலருக்கு அல்ல, சும்மா கொடுத்தாலும் கூடாது.

உறுதி விஷயத்தில் கட்டுரையாளர் சொன்னது பொய்யில்லை. 1960களில் வந்த வாள்களின் உடல் மக்னீசிய வார்ப்பு. ஒரு மனிதனின் ஆயுளுக்கும் மேலாக அது நிற்கும். ஆனால் வாள் உடையுமா என்பதல்ல இங்கே கேள்வி. சங்கிலி ஓடுகிற நீண்ட தகட்டை, அதாவது பாரை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியின் மேற்பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது எதிலாவது முட்டினால் சங்கிலியின் பல்லு மரத்தைக் கடித்து நின்றுவிடும். போக இடமில்லாத வேகம் முழுவதும் வாளை மேலும் பின்னும் தூக்கி எறியும். வெட்டுபவரின் முகம், கழுத்து, இடது தோள்மூட்டு எல்லாம் அந்த வழியில்தான் இருக்கின்றன. கண் இமைக்க முன்னம் நடந்து முடிந்துவிடும். கையைப் பலமாகப் பிடித்திருந்தேன், நான் நல்ல தேகக்காரன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

இதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்தார்கள். வாள் எகிறும்போது இடது கையின் பின்புறம் அதில் பட்டால் உள்ளே ஓர் எஃகுப் பட்டி, சங்கிலியைச் சுற்றும் கிளச் உருளையை இறுக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும். கை படாமலே, எகிறும் வேகத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும் பிரேக்கை சுவீடனின் ஹஸ்க்வர்னா கொம்பனி 1973இல் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில்தான் மற்றக் கொம்பனிகளும் ஒவ்வொன்றாக மாறின. ஆகவே 1950களிலும் 60களிலும் செய்த வாள்களில் அப்படியொன்று இருக்காது. பலவற்றில் கைப்பிடி வெறும் வளைந்த குழாய்தான். அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி இல்லை. உள்ளங்கை அழுத்தாமல் விசை இழுபடாதபடி தடுக்கும் பூட்டும் இல்லை. இன்று ஒன்ராறியோவில் கட்டட வேலைத்தலங்களில், எகிறினால் சங்கிலியை நிறுத்தும் அமைப்பு இல்லாத வாளைப் பாவிக்கவே சட்டம் விடாது. வீட்டு வளவுக்கு அந்தச் சட்டம் வராது என்பதற்காக மரம் வேறு மாதிரி நடந்துகொள்ளுமா?

அதிலும் புயலில் விழுந்த மரம் தனி ரகம். காட்டில் நிற்கும் மரத்தை வெட்டுபவருக்குத் தன் பாரின் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியும். முறிந்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் மேப்பிள் கிளைகளுக்குள் வாளை விட்டால் நுனி எதில் முட்டப் போகிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். வளைந்து இறுகிக் கிடக்கும் கிளை, வெட்டுப் பட்டதும் துள்ளி எழும்பி அடிக்கும். 2022 மே 21ஆம் திகதி டெரேச்சோ என்ற அந்தக் கடும் புயற்காற்று எங்கள் பக்கம் அடித்த பிறகும், 2025 மார்ச் கடைசியில் உறைமழை பெய்து ஒறில்லியாவிலிருந்து பீற்றர்பரோ வரை மின்சாரம் இல்லாமல் கிடந்தபோதும், காலுக்குப் பாதுகாப்பு உறை இல்லாமல், சிலர் செருப்போடு, அப்பா காலத்து வாளைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் இறங்கியதைக் கண்ணால் கண்டேன். எங்கள் ஆட்களும் அதில் அடக்கம்.

அப்படியானால் பழைய வாளுக்கு என்ன மதிப்பு, நீ ஏன் அவற்றைக் கட்டி அழுகிறாய் என்று கேட்பீர்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாராவது தங்கள் கராஜில் கிடப்பதைக் குப்பையில் போட்டால் எனக்கு நித்திரை வராது.

நான் இருக்கும் பீற்றர்பரோ ஒரு காலத்தில் வாள் செய்த ஊர். வன்கூவரில் இருந்த இண்டஸ்ரியல் எஞ்சினியரிங் என்ற கொம்பனி பயனியர் என்ற பெயரில் சங்கிலி வாள் செய்தது. அவுட்போர்ட் மரீன் கொம்பனி 1956இல் அதை வாங்கி, பிறகு உற்பத்தியைப் பீற்றர்பரோவுக்குக் கொண்டுவந்தது. படகுகளுக்கான ஜோன்சன், எவின்றூட் மோட்டர்களைச் செய்த அதே கொம்பனிதான். 1970களின் இறுதியில் வாள் பகுதி சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் கைக்குப் போனது. 2000ஆம் ஆண்டுக் கடைசியில் தாய்க் கொம்பனியும் முறிந்தது. மொனகன் வீதியில் அதன் பழைய கட்டடத்தில்தான் கனடாவின் கனூ (துடுப்புத் தோணி) அருங்காட்சியகம் 2024இல் ஏரிக்கரைக்கு இடம் மாறும்வரை இருந்தது. பச்சையும் மஞ்சளுமான பயனியர் வாள் ஒன்று இந்த ஊர் கராஜ் சேலில் கிடந்தால் அது வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளை. ஒன்றைக்கூட விட்டுவிட்டு வர எனக்கு மனம் வருவதில்லை.

ஜோன்சன் என்றதும் எங்கள் வடமராட்சிக்காரருக்கு வேறு நினைவு வரும். பருத்தித்துறையில் என் மாமா படகு மோட்டர் திருத்துபவர். இரண்டு ஸ்ரோக் எஞ்சின் என்றால் என்னவென்று நான் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, அவருடைய கொட்டிலில். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார்சைக்கிளைக் கூட மண்ணெண்ணெயில் ஓட்டினோமே, அப்போது கற்ற வித்தை ஒன்று இன்றைக்கும் உதவுகிறது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபுரேற்றரின் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு உதைப்போம். எஞ்சின் பிடித்து ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய் எடுத்துக்கொள்ளும். நாற்பது வருடம் மூலையில் கிடந்த வாளையும் நான் அப்படித்தான் சோதிக்கிறேன், ஒயில் கலந்த பெற்றோல் சில துளிகள் விட்டு. இரண்டு மூன்று வினாடி வெடித்து ஓடி நின்றால் தீப்பொறியும் அமுக்கமும் இருக்கின்றன, பழுது எரிபொருள் பாதையில்தான் என்று பொருள். அசுமாத்தமே இல்லையென்றால் முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மிகச் சுலபம். விற்பவர் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு, தொடக்கும் கயிற்றின் பிடியில் வாளைத் தூக்கித் தொங்கவிடுங்கள். நல்ல அமுக்கம் உள்ள வாள் தன் பாரத்துக்கு மெல்ல மெல்லத் தயங்கி இறங்கும். தடையே இல்லாமல் சரசரவென்று நிலத்துக்கு வந்தால் பிஸ்ரன் வளையம் தேய்ந்திருக்கிறது, அல்லது அதைவிட மோசம். அடுத்து, சைலென்சரைப் பிடித்திருக்கும் ஆணிகளைக் கழற்றி, துவாரத்துக்குள் ரோர்ச் அடித்துப் பிஸ்ரனின் பக்கத்தைப் பாருங்கள். வழவழப்பாக மினுங்கினால் வாங்கலாம். மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடினால் யாரோ ஒயில் கலக்காத பெற்றோல் ஊற்றி ஓட்டியிருக்கிறார். விற்பவர் "நேற்றுக்கூட ஓடினது" என்பார். எல்லா வாளும் நேற்று ஓடியதுதான்.

காபுரேற்றர் பெரும்பாலும் ரில்லட்சன் என்ற கொம்பனியின் வகை. உள்ளே மிதவை கிடையாது. வாளைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு மெல்லிய சவ்வு வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்தால் அந்தச் சவ்வு பொரித்த அப்பளம் போல விறைத்துப் போயிருக்கும். மாற்றுச் சவ்வுகள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன, விலையும் அதிகமில்லை. குழாயையும் கையோடு மாற்றிவிட வேண்டும். ஒன்ராறியோவில் விற்கும் பெற்றோலில் 2025 முதல் சராசரியாக 11 வீதம் எதனோல் கலக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்து றப்பர் அதைத் தாங்காது. தாங்கியில் எழுதியிருக்கும் பதினாறுக்கு ஒன்று என்ற ஒயில் கணக்கு அன்றைய ஒயிலுக்கானது. இன்றைய நல்ல இரண்டு ஸ்ரோக் ஒயிலை முப்பத்திரண்டுக்கு ஒன்றாகக் கலந்துதான் நான் ஊற்றுகிறேன்.

தீப்பொறி வராவிட்டால் எஞ்சினோடு சுழலும் பாரச் சில்லுக்குக் (ஃபிளைவீல்) கீழே போக வேண்டும். அங்கே மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் தீப்பொறியை உண்டாக்கும் ஒரு சோடி தொடுமுனைகள் இருக்கும். முக்கால்வாசி நேரம் அவற்றில் படிந்த கறள்தான் பிரச்சினை. தடித்த வெள்ளைக் கடதாசித் துண்டை இரண்டுக்கும் நடுவில் வைத்து இழுத்தால் கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும். பிறகு இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்கு வைத்துத் திருகாணியை இறுக்கினால், பிளக் முனையில் நீலமாகத் தெறிக்கும். நள்ளிரவில் கராஜில் தனியாக நின்று அதைப் பார்க்கும் சந்தோசத்தை வேறு எதில் தேடுவது? மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினால் அவளுக்கு அது விளங்குவதில்லை. குறை அவளில் இல்லை.

ஓடத் தொடங்கிய பிறகு நானும் மரம் வெட்டுகிறேன்தான். ஆனால் எப்படி? நிலத்தில் தனியாகக் கிடக்கும் கட்டையை, மரச்சட்டத்தில் ஏற்றி வைத்து, விறகுத் துண்டாக அரிவேன். பாரின் நுனிக்கு முன்னால் வெறும் காற்றுத்தான் இருக்கும். தலைக்கவசம், காதடைப்பு, காலுக்கு வெட்டுத் தாங்கும் உறை எல்லாம் அணிந்திருப்பேன். அந்தக் காலத்து வாள்கள் பலவற்றில் பாருக்கு ஒயில் தானாக வராது. கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், மறந்தால் பார் சூடேறி நீலமாகிவிடும். அதிர்வு தாங்கும் றப்பரும் கிடையாது. ஒரு தாங்கி பெற்றோல் தீர்வதற்குள் விரல் நுனி மரத்துப்போகும். அந்த நாளில் நாள் முழுவதும் இவற்றைப் பிடித்த காட்டுத் தொழிலாளருக்குக் குளிர் பட்டால் விரல்கள் வெளிறி உணர்விழக்கும் நோய் வந்தது. வெள்ளை விரல் என்றே அதற்குப் பெயர். "பழசுதான் பலம்" என்று பேசுபவர்கள் அவர்களுடைய கையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, ஐயா, கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பழைய வாள் வாங்க விரும்பினால் முன்கைப்பிடிக்கு முன்னால் தடுப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் முன்னே தள்ளியதும் சங்கிலி பூட்டிக்கொள்கிறதா என்று சோதிக்கவும். கைக்கு மட்டும் மறைப்பாக வைத்த அசையாத தகட்டைப் பிரேக் என்று நம்பி ஏமாற வேண்டாம் என்று அதில் வரட்டும். ரொறன்ரோ வாசகர்களுக்காக இன்னொன்றும் சேர்க்கலாம். தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்தை, அது உங்கள் சொந்த வளவில் நின்றாலும், மாநகரசபை அனுமதியின்றி வெட்ட முடியாது. புயலைச் சாட்டி, முறியாத மரத்தையும் சேர்த்துச் சரிக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது பயன்படும்.

கணவர் காலமான பிறகு கராஜைத் துப்புரவாக்கும் அம்மாமார் சிலர் இந்த வாள்களைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மக்னீசியத்துக்கு என்ன விலை கிடைத்துவிடப் போகிறது? கொடுக்க முன் அக்கம் பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். என்னைப் போன்ற ஒரு விசரன் எல்லா ஊரிலும் இருப்பான்.

கடைசியாக ஒரு சுயநலம். உங்கள் வாசகர் யாரிடமாவது பயனியர் 650 வாளின் காற்று வடிகட்டி மூடி, வெடிப்பில்லாமல், ஆணியோடு இருந்தால் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள். நான் நேரில் வந்து வாங்கிக்கொள்வேன். விலை பேசமாட்டேன். மனைவிக்கு மட்டும் அது தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பீற்றர்பரோ, ஒன்ராறியோ