எங்கள் கொட்டான் தொழிலுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

பெரியோர்களுக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

பனையோலையில் கொட்டான் என்னும் கூடை முடைந்து, பிளாஸ்டிக் டப்பாவும் பையும் பிடித்துக்கொண்ட இடங்களுக்கு அதைக் கொண்டுசேர்க்கும் எங்கள் சிறு தொழில், காரைக்குடிப் பக்கத்தில் இந்தத் தை மாதம் முதன்முறையாக வெளிக்கடன் எதுவும் வாங்காமல், விற்ற பணத்திலிருந்தே முடைபவர்கள் அனைவருக்கும் கூலி கொடுத்திருக்கிறது. இதற்குக் காரணமானவர்களுக்கு, அவரவர் செய்த உதவியைச் சொல்லி நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் வணக்கம் பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆச்சிமார்களுக்கு. திருமணச் சீருக்கும் விசேஷங்களுக்கும் தங்கள் கையாலேயே மணி கோத்து, நூல் பின்னி, கொட்டானை அழகுபடுத்திய தலைமுறை அவர்களுடையது. செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஆயினும் விளிம்பு பிரியாமல் மடித்து முடிக்கும் கைப்பக்குவத்தை எந்தச் சான்றிதழும் கற்றுத்தராது. அதை எங்கள் பெண்களுக்கு அருகில் அமர்த்தி, பிரித்துப் பிரித்து மறுபடி முடையச் செய்து கற்றுக்கொடுத்தவர்கள் ஆச்சிமார்களே.

அடுத்து, எங்களுக்கு ஓலை தரும் பனையேறி ஐயா. குருத்தோலைக்கு அதிகப் பணம் தருவதாக நாங்கள் சொன்னபோதும், ஒரே மரத்தில் அடிக்கடி குருத்தை வெட்டினால் மரம் இளைத்துவிடும் என்று மறுத்து, மரம் மாற்றி மரம் ஏறி, அளவாக மட்டுமே வெட்டித் தந்தார். பனை 1978 முதல் நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. இருந்தும், செங்கல் சூளைக்கு விறகாக விற்றால் உடனே கைக்குப் பணம் வரும் என்ற நிலை இருக்கும்வரை மரத்துக்கு ஆபத்து நீங்காது. நிற்கும் மரம் ஆண்டுதோறும் வருமானம் தந்தால்தான் உடையவர் அதைக் காப்பார் என்று அவர் சொன்னதே இன்று எங்கள் தொழிலின் நோக்கம். இப்போது ஓலைக்கான பணத்தில் ஒரு பங்கு மரத்தின் உரிமையாளருக்கும் போகிறது.

எங்களுக்குக் கிடைத்த உதவிகளில் மிகப் பெரிதாக நான் கருதுவது, காரைக்குடியில் பலகாரக் கடை நடத்தும் அண்ணன் ஒருவர் தந்த முன்பணம். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபின் பலர் எங்களைப் பாராட்டினார்கள். சிலர் நன்கொடையும் தர முன்வந்தார்கள். அவரோ மனகோலத்துக்கும் சீப்புச் சீடைக்கும் என்ன அளவில் கொட்டான் வேண்டும், அதிரசத்தின் எண்ணெய் ஓலையில் இறங்காமலிருக்க உள்ளே வாழைச் சருகு எப்படி விரிக்க வேண்டும் என்று உட்கார்ந்து பேசி, பாதிப் பணத்தை அன்றே கொடுத்து, மூடி பொருந்தாதவற்றைத் தயங்காமல் திருப்பியும் அனுப்பினார். நன்கொடை ஒரு மாதத்துக்குத்தான் உதவியிருக்கும். அவர் தந்த ஆர்டர் எங்களைத் தொழில் செய்பவர்களாக்கியது.

விலை நிர்ணயிக்க வழிகாட்டிய கணக்காளர் ஐயாவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளித்து வளர்ந்ததை அவர் விளக்கினார். அதன்படியே, மணி வேலைப்பாடுள்ள சீர்க் கொட்டான்களில் வரும் லாபத்தைக் கொண்டு, அன்றாடப் பயன்பாட்டுக் கொட்டானை எளியவர்கள் வாங்கும் விலையில் தருகிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை பூஞ்சை பிடித்துக் கெட்டபோது, வெளிநாட்டில் வாழும் ஒரு குடும்பத்தார் பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டைத் திறந்துவிட்டு, அதன் வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஓலையை உலர்த்திக்கொள்ளச் சொன்னார்கள். வாடகையே வேண்டாம் என்றார்கள். வளவைப் பெருக்கித் துடைத்து, ஒழுகும் ஓடுகளை மாற்றி வைப்பதையாவது எங்கள் பொறுப்பில் விடும்படி கேட்டுப் பெற்றோம்.

மாமியார், கணவர் சொன்ன தடைகளையெல்லாம் பொறுமையாகப் பேசிக் கடந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நாள்தோறும் முடைய வரும் என் சகோதரிகளுக்கு என் நன்றி முழுவதும் உரியது. வரும் சித்திரை முதல் லாபத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை இம்மடல் வழியாக உங்கள் அனைவர் முன்னிலையிலும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
கொட்டான் முடையும் பெண்கள் சார்பில்