ஜப்பான் மாமியைப் பார்த்து வந்தேன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து நாளிதழைத் துணையில்லாமல் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. ஜப்பானில் என்னென்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தாய். டோக்கியோவையும் கியோட்டோவையும் எல்லாரும் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். அவற்றைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. கோபேயில் மாமி வீட்டில் தங்கியிருந்ததைத்தான் உனக்கு விரிவாக எழுத வேண்டும். அந்த ஜப்பானியக் குடும்பம் அடையாற்றில் நம் தெருவில் குடியிருந்த காலத்தை என்னோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க இன்று நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

மாமாவின் பணிக்காலம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் ஆண்டு தவறாமல் புத்தாண்டு அட்டை வந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். அம்மாவும் பதிலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவாள். அங்கே அந்த அட்டைக்கு நெங்காஜோ என்று பெயர். டிசம்பரில் அஞ்சலில் சேர்க்கப்படுபவற்றை எடுத்துவைத்து, ஜனவரி முதல் நாளன்று வீடுதோறும் கொண்டுசேர்ப்பதை அஞ்சல் துறை ஒரு பெரிய கடமையாகவே செய்துவருகிறது. 2004ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்கு 440 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை வெளியிட்ட நாட்டில், 2025ஆம் ஆண்டுக்கு முதலில் அச்சிட்டவை ஏறக்குறைய 107 கோடிதான். கைப்பேசி வந்ததும், 2024 அக்டோபரில் அஞ்சலட்டையின் விலை 63 யென்னிலிருந்து 85 யென்னாக உயர்ந்ததும் தெரிந்த காரணங்கள். அவற்றோடு, வயதாகிவிட்டதால் இந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று கடைசி அட்டையிலேயே பணிவாக எழுதி விடைபெறும் வழக்கமும் முதியவர்களிடையே பரவியிருக்கிறது. மாமியின் 2025ஆம் ஆண்டு அட்டையில் அந்த வரி இருந்தது. இனி எழுத்து வராது என்று ஆனபின் நேரில் போவதே முறை என்று தோன்றியது. சுற்றுலா என்பதெல்லாம் அதற்குப் பிறகு சேர்த்துக்கொண்டதுதான்.

கோபே, ரொக்கோ மலைத்தொடருக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கி அமைந்த நீண்ட நகரம். அங்கே வழி சொல்பவர்கள் வடக்கு, தெற்கு என்பதைவிட மலைப்பக்கம், கடல்பக்கம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். சுமியோஷி நிலையத்தில் இறங்கி மலைப்பக்கம் ஏறி வரும்படி மாமியின் மகன் சொல்லியிருந்தான். நம்மோடு கிரிக்கெட் ஆடிப் பந்தைக் கிணற்றில் போட்டவனேதான்; இப்போது தலை முழுவதும் நரைத்துவிட்டது. வாசலில் மாமி, எண்பதைத் தாண்டிய வயதிலும், என் அம்மாவின் பெயரைச் சொல்லி அவள் மகனா என்று தமிழில் கேட்டபோது எனக்குப் பதில் வரச் சற்று நேரமாயிற்று.

நான் கொண்டுபோன காப்பித்தூளையும் முறுக்கையும் மாமி பிரிக்கவில்லை. இரு கைகளாலும் வாங்கி, வீட்டுக்குள் இருக்கும் புட்சுடான் என்னும் பூசை அலமாரியின் முன் மாமாவின் படத்தருகே வைத்தாள். வந்த பொருள் முதலில் மறைந்தவர்களுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. நம் வீட்டுப் படையலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறு வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி ஒலியெழுப்பி நானும் கைகூப்பினேன். அவர்கள் ஜோதோ ஷின்ஷூ என்னும் பௌத்தப் பிரிவினர் என்பதால், ஊதுவத்தியை நட்டுவைக்காமல் முறித்துச் சாம்பல்மேல் கிடத்தும்படி மாமி கையைப் பிடித்துக் காட்டினாள். அந்த ஊதுவத்தி எதிரே இருக்கும் அவாஜி தீவில் செய்தது. 595ஆம் ஆண்டில் அந்தத் தீவின் கரையில் ஒரு மணக்கட்டை ஒதுங்கியதாக அவர்களுடைய பழைய வரலாற்று நூல் சொல்கிறது. இன்றும் ஜப்பானின் ஊதுவத்தியில் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் நீ விடமாட்டாய். ஜப்பானியச் சமையலில் பெரும்பாலான சாறுகளுக்கு அடிப்படை காய்ந்த மீன்தான் என்பதால், சைவம் சாப்பிடுபவனுக்கு ஊரெங்கும் திண்டாட்டம். மாமியோ யாரும் கேட்காமலே கொம்பு என்னும் கடற்பாசியையும் உலர்ந்த காளானையும் இரவே ஊறவைத்து, அந்த நீரில் சாறு காய்ச்சி, கஷ்கொட்டை போட்ட சோற்றோடு பரிமாறினாள். என் அம்மா எதைச் சாப்பிடமாட்டாள் என்பது அவளுக்கு இத்தனை காலம் கழித்தும் நினைவிருந்தது. துவரம்பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் அதே நகரின் கித்தானோ பகுதியில் கிடைக்குமாம். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் யோக்கோஹாமா அழிந்தபின் இந்திய வணிகர் பலர் கோபேக்கு இடம்பெயர்ந்ததன் தொடர்ச்சி அது; அங்கே ஒரு சமணக் கோயில்கூட இருக்கிறது.

இன்னொரு நிலநடுக்கத்தைப் பற்றி மாமி தானாகப் பேசவில்லை, மகன்தான் சொன்னான். 1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46 மணிக்குக் கோபே பகுதியில் வந்த அந்த அதிர்ச்சியில் 6,434 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர், கனத்த ஓடு வேய்ந்த பழைய மரவீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்ததால் இறந்தவர்கள். இவர்களுடைய வீட்டில் கீழ்த்தளம் நசுங்கிவிட்டது. மாடியில் படுத்திருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆண்டு அட்டை, நிலநடுக்கச் செய்தி நாளிதழில் வந்தபிறகு நம் தெருவுக்கு வந்து சேர்ந்ததும், அதை வைத்துக்கொண்டு உயிரோடிருக்கிறார்களா என்று தெரியாமல் நம் இரு வீட்டாரும் தவித்ததும் உனக்கு நினைவிருக்கும்.

மறுநாள் மைக்கோ கடற்கரைக்குப் போய், கோபேயை அவாஜி தீவோடு இணைக்கும் அக்காஷி நீரிணைத் தொங்குபாலத்தைப் பார்த்தோம். மாமா பொறியாளர் அல்லவா, விருந்தாளி யார் வந்தாலும் இங்கே அழைத்துவந்து ஒரே செய்தியைத்தான் சொல்வாராம். நிலநடுக்கம் வந்தபோது கோபுரங்களும் முதன்மை வடங்களும் மட்டுமே நின்றிருந்தன. பாலத்தின் தளம் இன்னும் தொங்கவிடப்படவில்லை. நிலம் நகர்ந்ததில் கோபுரங்களுக்கு இடையிலான தொலைவு ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடிவிட்டது. 1,990 மீட்டராகத் திட்டமிட்ட அந்த நடுப்பகுதியை 1,991 மீட்டராக மாற்றிக் கணக்கிட்டுக் கட்டி, 1998 ஏப்ரலில் திறந்தார்கள். தன் வீடு போனதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத மனிதர் இந்த ஒரு மீட்டரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாராம். எனக்கு அது விந்தையாகப் படவில்லை. நம் மாமா அப்படித்தான்.

அட்டை நின்றுபோனதைப் பற்றி மாமியிடம் மெதுவாகக் கேட்டேன். கை நடுங்குகிறது, எழுத்துக் கோணலாக வருகிறது, அப்படி அனுப்புவது மரியாதை இல்லை என்றாள். நான் பொங்கல் வாழ்த்தை அனுப்பிக்கொண்டே இருக்கலாமா? அனுப்பினால் பதில் எழுத வேண்டுமே என்ற பாரத்தை அவள்மேல் ஏற்றியதாகாதா? பதில் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பலாம் என்பது மகனின் யோசனை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

உனக்கு ஒரு வேலையும் இருக்கிறது. நவராத்திரிக்கு உங்கள் வீட்டுக் கொலுவில், மாமி தான் கொண்டுவந்திருந்த அரசன், அரசி பொம்மைகளை மேல்படியில் வைத்தாளே, மார்ச் 3ஆம் தேதி பெண் குழந்தைகளுக்காக அவர்கள் சிவப்புத் துணி விரித்த படிகளில் அடுக்கும் அதே பொம்மைகள். அவை நிலநடுக்கத்தில் நசுங்கிய வீட்டோடு போய்விட்டன. அன்று உன் அப்பா எடுத்த படம் உங்கள் வீட்டுப் பரணில் எங்கேயாவது இருக்க வேண்டும் என்று மாமி உறுதியாகச் சொல்கிறாள். கண் தெளிந்துவிட்ட நீயே தேடிப் பார். கிடைத்தால் பெரிதாக்கிப் படி எடுத்து எனக்கு அனுப்பு. பொங்கலுக்குள் கோபே போய்ச் சேரும்படி நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்