மறந்துபோன எண்ணங்கள்

காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்கள் மறுபடி படிக்கத் தொடங்கியதில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் ஓடு மாற்றும் வேலை மழைக்கு முன்பே முடிந்துவிட்டது.

இளமையில் அத்தனை உறுதியாக எண்ணியவை எல்லாம் எங்கே போயின என்று கேட்டிருந்தீர்கள். காலம் அவற்றை அழித்தது என்று நான் நினைக்கவில்லை. புழக்கம் நின்றதால் போயின என்றே நினைக்கிறேன். அப்பச்சி காலத்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, நான்கு முந்திரி ஒரு காணி, ஐந்து காணி ஒரு மாகாணி என்று கணக்குப்பிள்ளை நம்மை நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்வாரே! 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்தது. பழைய கணக்கை யாரும் வெறுக்கவில்லை. அதற்கு வேலை இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். வாய்பாடு மட்டும் போயிருந்தால் நான் வருந்தமாட்டேன். வரவு செலவைச் சரிபார்த்து முடிக்கும் ஐந்தொகையில் ஒரு முந்திரிகூட உதைக்கக் கூடாது என்ற எண்ணமும், அடுத்தவர் பணத்தைத் தொடும்போது இருந்த அச்சமும் அதனோடு சேர்ந்து போனதுதான் என்னை வருத்துகிறது.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம் மறதியைத் தாமே அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே விரைந்து நடந்து, பின்னர் மெல்ல நடக்கிறது என்பது பலரும் அறிந்த செய்தி. என்னை ஈர்த்தது வேறு: நினைவிலிருந்து முற்றிலும் போய்விட்டதாகத் தோன்றியதைக்கூட மறுபடி படிக்க அவருக்கு முன்னைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. சென்ற மாதம் பூச்சி அரித்த பழைய பேரேடு ஒன்றைப் பிரித்து, பற்று வரவு வரிகளின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் பக்கம் எனக்குப் பிடிபடவே இல்லை; இரண்டாம் பக்கத்தில் மாகாணிக் குறி தானாகவே வாயில் வந்தது.

அதே பேரேட்டுக்குள் உங்கள் பழைய கடிதம் ஒன்றும் இருந்தது. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் வீண் ஆடம்பரம், இந்தப் பெரிய வீடுகளால் ஊருக்கு என்ன பயன் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்போது அதை முழுமனதுடன் ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது ஓரத்தில் இருக்கும் என் கையெழுத்திலிருந்தே தெரிகிறது. இன்று யாராவது கேட்டால், இவ்வீடுகளைக் காக்க வேண்டும் என்றே எப்போதும் எண்ணியிருந்தோம் என்று நாம் இருவரும் மனமறிந்து பொய்யில்லாமல் சொல்வோம். புதிய எண்ணம் பழையதன் இடத்தில் சத்தமின்றிக் குடியேறி, ஆதியிலிருந்தே தான் இருந்ததாகச் சாதிக்கிறது. மறதியைவிட இதுவே எனக்கு அச்சம் தருகிறது, ஏனென்றால் மறந்தோம் என்பதைக்கூட இது நமக்குத் தெரியவிடுவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். என் பழைய கடிதங்கள் உங்களிடம் இருந்தால், தேதி தெரியும்படி நகலெடுத்து அனுப்புங்கள். உங்களுடையவற்றை நான் அனுப்புகிறேன். ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தை மாதம் பிள்ளையார்பட்டிக்கு வரும்போது இங்கேயே தங்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்