காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் படுக்க ஓர் அறை கொடுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் விடுதிக் காப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம். சென்ற வாரம் விடுதி அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையின் படம் பெற்றோர் பலருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. காய்ச்சலோ இருமலோ உள்ள மாணவியர் அன்றே விடுதியை விட்டு வீட்டுக்குச் செல்ல வேண்டும், மருத்துவச் சான்றோடுதான் திரும்ப வேண்டும் என்று இரண்டே வரிகள். சென்ற கார்த்திகையில் வாய்மொழியாக இருந்த வழக்கம் இப்போது முத்திரை குத்திய விதியாகிவிட்டது. அதனால் நானும் எழுத்திலேயே கேட்கிறேன். காய்ச்சல் கண்ட பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். விடுதிக்குள்ளேயே அவள் படுக்க ஒரு தனி அறை கொடுங்கள்.

கார்த்திகையில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஃப்ளூ காய்ச்சல் முதல் மாடியில் தொடங்கி, பத்து நாளில் பாதி விடுதி இருமிக்கொண்டிருந்தது. என் மகளின் முறை வந்த நாளை மட்டும் சொல்கிறேன்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. "பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துக்கொண்டு போங்கள்." நான் பந்தலூர்ப் பக்கத்தில் அங்கன்வாடிப் பணியாளர். குழந்தைகளை உதவியாளரிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். ஊட்டிக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. என் மகள் அறையில் இல்லை. காப்பாளர் அறைக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில், காலடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்று காலையிலேயே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். கார்த்திகை மாதத்து ஊட்டிக் காற்றில், 102 டிகிரி காய்ச்சலோடு, ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அவளைத் திட்டவில்லை. கடமையை விட்ட குற்றத்தையும் நான் யார்மீதும் சுமத்தவில்லை. படுக்க வைக்க இடமில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என் மனத்தை விட்டு இன்னும் போகவில்லை.

ஐந்து மணி பஸ்ஸில் ஏறினோம். தலைக்குந்தா தாண்டியதும் அவளுக்கு உடல் தூக்கிப் போட ஆரம்பித்தது. பைக்காராவில் வாந்தி. நடுவட்டத்தில் மூடுபனி இறங்கி, ஓட்டுநர் ஊர்ந்துதான் ஓட்டினார். பஸ்ஸில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. எங்களுக்கு முன்னிருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சலம்மா, கொஞ்சம் தள்ளி உட்கார முடியுமா" என்று நான்தான் கேட்டேன். அவள் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டே வந்தாள். கூடலூர், நாடுகாணி, தேவாலா கடந்து வீடு சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

மூன்றாம் நாள் என் மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. எழுபத்திரண்டு வயது, முன்பே மூச்சிழுப்பு உள்ளவர். சளி நெஞ்சுக்குள் இறங்கி, ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தார். நானும் படுத்தேன். ஐந்து நாள் என் மையத்துப் பக்கமே போகவில்லை. போயிருந்தால் இருபது வீடுகளுக்கு அதைக் கொடுத்தனுப்பியிருப்பேன்.

விடுதியில் காய்ச்சல் குறைந்தது என்று நீங்கள் கணக்கெழுதியிருக்கலாம். அது குறையவில்லை, பஸ் ஏறிப் பந்தலூருக்கு வந்தது. எருமாட்டுக்கும் சேரம்பாடிக்கும் கோத்தகிரிக்கும் போனது.

2023 மார்ச்சில் புதுச்சேரியில் இதே ஃப்ளூ காய்ச்சலுக்காக எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடினார்கள். அந்தப் பிள்ளைகள் தினமும் மாலையில் போகும் வீட்டிலேயே தங்கிக்கொண்டார்கள். விடுதியைக் காலி செய்வது அதுபோல ஆகாது. எழுபது எண்பது கிலோமீட்டர் தூரத்துக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில், இருமும் பிள்ளையை உட்கார வைத்து அனுப்புகிறோம்.

இந்தக் காய்ச்சல் உடலில் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடுகிறது. தெரிந்த பிறகும் ஐந்திலிருந்து ஏழு நாள்வரை தொற்றும். ஆகவே நீங்கள் ஒருத்தியை வெளியேற்றும்போது பக்கத்துக் கட்டில்காரிக்கு அது முன்பே போயிருக்கும். அவளையும் அனுப்புவீர்களா? பாராசிட்டமால் போட்டால் சூடு இறங்கும், தொற்று இறங்காது. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்த பிறகுதான் ஒரு பிள்ளை வகுப்புக்குப் போகலாம்.

சுற்றறிக்கை வந்த பிறகு என் மகள் தொலைபேசியில் சொன்னதைக் கேளுங்கள். முதலாமாண்டுப் பிள்ளைகள் காலையில் கணக்கெடுப்புக்கு முன் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரித்த முகத்தோடு வரிசையில் நிற்கிறார்களாம். பிடிபட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் வருகைப்பதிவு குறையும். எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் அபராதம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. தேயிலை பறிப்பவர்களின் பிள்ளைகள் அவர்கள். அபராதத்துக்குப் பயந்து காய்ச்சலை ஒளிக்கிறார்கள். ஒளித்த காய்ச்சலோடு வகுப்பிலும் உணவுக்கூடத்திலும் உட்காருகிறார்கள். இந்த விதி நோயைத் தடுக்கவில்லை, மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது.

"ஊட்டிப் பனிக்குக் காய்ச்சல் வரத்தானே செய்யும்" என்று அன்று என்னிடம் சொன்னார்கள். பனி எந்தக் கிருமியையும் கொண்டு வருவதில்லை. பனிக்குப் பயந்து இரவெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு, நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் ஒருவர் முகத்தில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு படுப்பதால் பரவுகிறது. வெயில் அடிக்கும் நேரத்திலாவது எல்லா அறை ஜன்னல்களையும் திறந்துவைக்கச் சொல்லலாம். தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்கச் சொல்லலாம். இவற்றுக்குச் செலவே இல்லை. கைகழுவும் தொட்டியில் சோப்பு வைக்கக் கொஞ்சம் செலவுண்டு. நிலவேம்புக் குடிநீர் கொடுத்ததாகச் சொன்னீர்கள், கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. படுக்கைக்கு அது ஈடாகாது.

இதே மலையில்தான் தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கிறது. 1957-இல் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய ஃப்ளூ நாடு முழுவதும் பரவியபோது, அதை ஆராய்ந்து உலகத்துக்கு எழுதிச் சொன்ன இன்ஃப்ளூயன்சா மையம் அங்கேதான் இயங்கியது. அந்தக் குன்னூருக்கு நம் கல்லூரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் எந்த அறையில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எழுதிவைக்க நம் விடுதியில் ஒரு பதிவேடு இல்லை. என் மையத்தில் எந்தக் குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது என்று தினமும் காலையில் நான் குறித்து வைக்கிறேன். மூன்று பேர் சேர்ந்தால் கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் விடுதியால் இது முடியாதா?

எங்கள் பக்கத்து மக்களுக்கு எல்லாமே தூரம்தான். பெரிய நோய் என்றால் வயநாட்டுக்கு ஓடுகிறோம், கல்லூரி என்றால் ஊட்டிக்கு அனுப்புகிறோம். கோடை விழாவுக்கு வருகிறவர்களுக்காக வாகனம் எண்ணி இ-பாஸ் கொடுக்கும் இந்த மாவட்டத்தில், ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் காய்ச்சலை எண்ண ஒருவரும் இல்லை என்பது எனக்கு ஆறவில்லை. கடிதம் எங்கோ போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பல்ல என்று எனக்குத் தெரியும். அறைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

விடுதியின் தரைத்தளத்தில் பழைய மேசை நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவைத்த அறை ஒன்று இருக்கிறது. இரண்டு ஜன்னல்கள், பக்கத்திலேயே குளியலறை. அதைக் காலி செய்து, இடைவெளி விட்டு ஆறு கட்டில் போடுங்கள். கஞ்சியும் சுடுதண்ணீரும் அங்கேயே போகட்டும். இப்போது காய்ச்சல்காரப் பிள்ளையே தட்டை ஏந்தி உணவுக்கூட வரிசையில் நிற்கிறாள். இழுப்பு உள்ள பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அவர்களுக்கு ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து தேவையா என்று மருத்துவர் முதல் 48 மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் நல்ல பலன். அந்த நேரத்தைத்தான் பஸ்ஸில் கழிக்கச் சொல்கிறீர்கள். மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப ஏறினாலோ பெற்றோருக்காகக் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். அறையில் படுத்திருக்கும் நாட்களை வருகைப்பதிவில் கழிக்காதீர்கள். அது மாறாவிட்டால் எந்தப் பிள்ளையும் அந்த அறைக்கு வராது.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ளூ தடுப்பூசி குழந்தைகளுக்குப் போடும் அரசு அட்டவணையில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆண்டுதோறும் போட வேண்டியது, பலன் தர இரண்டு வாரமாகும். விருப்பமுள்ள பெற்றோருக்காக ஐப்பசி மழைக்கு முன்பே கல்லூரி ஒரு முகாம் நடத்தினால் நன்றாக இருக்கும். அது இந்த ஆண்டு முடியாவிட்டால் அடுத்த ஆண்டு செய்யுங்கள். அறை இந்த ஆண்டே வேண்டும்.

வரும் திங்கட்கிழமை மகளைப் பார்க்க வருகிறேன். ஒரு தெர்மாமீட்டரும் இரண்டு கம்பளியும் ஒரு வெந்நீர்க் குடுவையும் கொண்டுவந்து அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன். கட்டில் கொண்டுவர என்னால் முடியாது. அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, தரைத்தள அறையின் சாவியை விடுதிக்குக் கொடுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதிலை எனக்குத் தனியாக எழுத வேண்டாம். சுற்றறிக்கை ஒட்டிய அதே பலகையில் ஒட்டுங்கள், பிள்ளைகள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் தாய்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.